திங்கட்கிழமை காலையில் காதைக் காட்டுங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ, பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கம் தறியிலோ, நூல் மில்லிலோ, அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையிலோ நீங்கள் வேலை பார்த்தால் இது உங்களுக்காக எழுதியது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தாலும் படியுங்கள். ஒருவருக்குக் காது மந்தமாவதைப் பெரும்பாலும் அவருக்கு முன்பே வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிக்கிறார்கள்.

ஒரு பெரிய மருத்துவ அமைப்பில் காது கேட்கும் திறனைப் பார்க்கும் பிரிவுக்குத் தலைமை ஏற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பேச்சு. “அது அந்த டாக்டர் பாடு, எனக்கு எதற்கு?” என்று கேட்பீர்கள். அந்தப் பிரிவு என்னவெல்லாம் செய்ய முடியும் என்று தெரிந்தால்தான் அதை நீங்கள் கேட்டு வாங்க முடியும். தெரியாதவர்கள் வரிசையில் நின்று சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

எந்த மருத்துவ அமைப்பு? உங்களுக்கு இரண்டு உண்டு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகம் உங்களுடையது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். திருப்பூரில் 2019 இல் அடிக்கல் நாட்டிக் கட்டிய 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனையும், கோவை சிங்காநல்லூரில் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகள் உண்டு. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொரு புதிய கல்லூரிகளில் ஒன்று; அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.

சத்தம் காதை என்ன செய்கிறது? உட்காதில் நத்தை வடிவில் ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர் உயிரணுக்கள் (ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுபவை) இருக்கின்றன. நிட்டிங் மிஷினில் ஓர் ஊசி உடைந்தால் துணியில் நீளமாகக் கோடு விழும். ஊசியை மாற்றினால் சரியாகிவிடும். காதுக்குள் இருக்கும் இந்த ஊசிகளை மாற்ற வழியில்லை. செத்தது மறுபடி முளைக்காது. மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது.

இது புதிதாகத் தெரிந்த விஷயமும் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸினி, வெனிஸ் நகரத்துச் செம்புப் பாத்திரத் தொழிலாளர்களுக்குச் சம்மட்டிச் சத்தத்தால் காது போவதை எழுதிவைத்தார். அனுப்பர்பாளையத்துப் பட்டறைக்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1886 இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் கொதிகலன் செய்யும் தொழிலாளர்களைச் சோதித்து அதையே கண்டார். இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசப் பழகி, அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். நம் தறிக்குடோன்களில் கை ஜாடையில் பேசுவதும் இதே காரணத்தால்தான்.

எவ்வளவு சத்தம் இருந்தால் ஆபத்து? சத்தத்தை டெசிபல் (ஒலி வலிமையின் அலகு) என்ற கணக்கில் அளக்கிறார்கள். 85 டெசிபலில் தினம் 8 மணி நேரம் என்பதுதான் காதுக்கு ஓரளவு பாதுகாப்பான எல்லை. அதற்கு மேல் 3 டெசிபல் ஏறினாலே காதில் விழும் ஒலியாற்றல் இரட்டிப்பாகிறது. ஆகவே இருக்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது: 88 இல் 4 மணி நேரம், 91 இல் 2 மணி நேரம், 100 இல் கால் மணி நேரம். நாடா ஓடும் விசைத்தறிகள் நெருக்கமாக நிற்கும் கொட்டகையில் 95, 100 டெசிபல் என்பது சாதாரணம். டெய்லரிங் பகுதியில் அவ்வளவு இருக்காது. நிட்டிங், ஜெனரேட்டர், கம்ப்ரசர் பக்கம் இருப்பவர்கள்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அளக்கும் கருவி இல்லாவிட்டால்? கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் 85ஐத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இந்தியத் தொழிற்சாலை விதிகளில் பொதுவாக உள்ள வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். திருப்பூரில் 8 மணி நேரத்தோடு யார் வீட்டுக்குப் போகிறார்கள்? ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்டு, அதாவது 12 மணி நேரம். மேலே சொன்ன 3 டெசிபல் கணக்குப்படி 85 என்ற எல்லை உங்களுக்கு ஏறத்தாழ 83 ஆக இறங்கிவிடுகிறது. கூடுதல் அரை ஷிப்டுக்கு வரும் கூலியில் காதுக்கான விலையை யாரும் சேர்ப்பதில்லை. இது என் பெரிய வருத்தம்.

காது போகிறது என்று எப்படித் தெரியும்? வலிக்காது, சீழ் வராது. முதலில் சத்தம் குறைவதுகூட இல்லை, தெளிவுதான் குறையும். சத்தத்தால் வரும் பாதிப்பு மேல் சுருதியில், 4000 ஹெர்ட்ஸ் (ஒரு நொடியில் ஒலி அதிரும் எண்ணிக்கை) பக்கத்தில்தான் தொடங்கும். உயிரெழுத்துகள் நன்றாகக் கேட்கும், மெய்யெழுத்துகள் மங்கும். கடையா, சடையா, தடையா, படையா என்று குழம்பும். “கேட்குது, ஆனா புரியலை” என்று ஒருவர் சொன்னால் அலட்சியம் வேண்டாம். மனைவியும் பேத்தியும் முணுமுணுக்கிறார்கள் என்று தோன்றும், கல்யாண மண்டபத்தில் பேச்சு பிடிபடாது, ராத்திரி படுத்தால் காதுக்குள் ‘ஙொய்’ என்று இரைச்சல் வரும்.

இன்னொரு அடையாளத்தை வீட்டில் இருப்பவர்கள் பார்க்கலாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்த இரவு டிவி சத்தத்தை ஏற்றி வைக்கிறார், ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு அதே டிவி அவருக்கே சத்தமாகத் தெரிகிறது என்றால், காது வாரம் முழுக்க அடிபட்டு ஒரு நாளில் கொஞ்சம் தேறுகிறது என்று பொருள். இதைத் தற்காலிகக் கேள்திறன் இறக்கம் என்பார்கள். இது பல ஆண்டுகள் தொடர்ந்தால் ஞாயிற்றுக்கிழமையிலும் தேறாது.

திங்கட்கிழமை காலை என்று நான் சொல்வது இதனால்தான். ஷிப்டு முடிந்த கையோடு பரிசோதித்தால் களைத்த காதைத்தான் அளக்கிறோம். நிரந்தரமாக எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியாது. குறைந்தது 14 மணி நேரம் சத்தமில்லாமல் இருந்த காதைத்தான் அளக்க வேண்டும். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள் காலையில் மிஷின் பக்கம் போவதற்கு முன்னால் பார்த்தால் கணக்கு சரியாக வரும். ஞாயிறன்று திருவிழா மைக்செட் பக்கத்தில் நின்றிருந்தால் அன்று வேண்டாம், தள்ளிப்போடுங்கள்.

பரிசோதனையில் என்ன நடக்கும்? பயப்பட வேண்டிய எதுவும் இல்லை. முதலில் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். பஞ்சுத் தூசு கலந்த குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்தாலே பலருக்குப் பாரம் குறைந்ததுபோல் இருக்கும். (தயவுசெய்து ஊக்கு, தீக்குச்சி, காய்ச்சிய எண்ணெய் எதுவும் வேண்டாம்.) பிறகு சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய ‘பீப்’ கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அரைமணி நேர வேலை. அதன் முடிவைக் கேள்திறன் வரைபடம் (ஆடியோகிராம்) என்ற ஒரு தாளில் தருவார்கள். கோடு 4000 அருகே பள்ளமாக இறங்கி 8000 இல் மறுபடி ஏறினால் சத்தத்தின் கைவரிசை என்று சந்தேகிப்பார்கள். வயதால் வருவது ஏறாமல் இறங்கிக்கொண்டே போகும்.

யார் இதைச் செய்வார்? காது மூக்கு தொண்டை மருத்துவர் நோயையும் அறுவைச் சிகிச்சையையும் பார்ப்பவர். கேட்கும் திறனை அளந்து, கருவி பொருத்தி, பயிற்சி தருபவர் கேள்திறன் நிபுணர் (ஆடியாலஜிஸ்ட்). இந்திய மறுவாழ்வு மன்றத்தில் அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். கடையில் காது மிஷின் வாங்கப் போனால் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இப்போது தலைமைக்கு வருவோம். நூறு பேர் வந்து நின்றால் நூறு பேரையும் பார்த்து அனுப்புவதே நல்ல பிரிவு என்று நினைப்பது இயல்பு. சத்தத்தால் போகும் காதுக்கு அது போதாது. நீங்களாக மருத்துவமனைக்கு வரும்போது பத்துப் பதினைந்து ஆண்டு கடந்திருக்கும், மயிர் உயிரணுக்களும் போயிருக்கும். அதனால் திருப்பூரில் இந்த நாற்காலியில் உட்காருபவர் சத்தமில்லாத அறையை விட்டு எழுந்து, சத்தம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணியிடங்களுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் வேலை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாகத் தமிழ்நாட்டில் ஏற்கனவே நடக்கிறது. அந்தக் கையோடு ஒரு கேள்திறன் சோதனையையும் சேர்ப்பது பெரிய காரியமல்ல. சத்தம் தடுக்கும் சிறு அறையை வண்டியிலேயே வைத்துக்கொண்டு போகலாம்.

இரண்டாவது, பதிவேடு. நம் தொழிலாளர் ஒரே கம்பெனியில் நிற்பவர் அல்ல. ஆனால் இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் கம்பெனி மாறினாலும் மாறாது. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் எடுத்த வரைபடம் அந்த எண்ணோடு சேர்ந்திருந்தால், பத்தாண்டு கழித்து எடுப்பதோடு ஒப்பிட்டு எவ்வளவு போனது, எந்த வேலையில் போனது என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான துறையில் இழப்பீடு பெறுபவர்களின் குறைகளில் காது இரைச்சலும் கேட்கும் இழப்பும்தான் முன்னணியில் நிற்கின்றன. அங்கே பழைய வரைபடம் இருப்பவரின் வழக்கு எளிதாகிறது, இல்லாதவர் அலைகிறார். இங்கும் அதே கதைதான் நடக்கும்.

மொழியையும் மறக்கக் கூடாது. நிட்டிங்கிலும் பிரிண்டிங்கிலும் நிற்கும் பையன்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் எத்தனை! பேச்சு புரிகிறதா என்று சோதிக்க அவர்கள் மொழியில் சொற்கள் வேண்டும். தமிழ்ச் சொல்லைச் சொல்லிவிட்டு “இவருக்குப் புரியவில்லை” என்று எழுதுவது சோதனையே ஆகாது.

அந்தப் பிரிவின் வேலையை எதை வைத்து மதிப்பிடலாம்? எத்தனை காது மிஷின் கொடுத்தார்கள் என்ற எண்ணை நான் பார்க்க மாட்டேன். கொடுத்து ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதை மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்பேன். மிஷின் மாட்டிய முதல் வாரம் எல்லாமே இரைச்சலாக இருக்கும்; தட்டு வைக்கும் சத்தம்கூட வலிக்கும். மூளை பழக வாரக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் கூப்பிட்டுப் பேசி அளவை மாற்றித் தர ஆள் இல்லாவிட்டால் மிஷின் பீரோவுக்குள் போய்விடும். நீங்கள் வாங்கும்போதே “அடுத்து எப்போது வர வேண்டும்?” என்று கேட்டுத் தேதியை எழுதி வாங்குங்கள். ஒன்று கவனம்: மிஷின் மாட்டியவர் சத்தமான இடத்தில் அதை அணைத்துவிட்டுக் காதடைப்பானாகப் பயன்படுத்தக் கூடாது. அது தடுக்காது.

சரி, காதடைப்பான் எது? பஞ்சு அல்ல. நம் ஊரில் கைக்கு எட்டும் இடத்தில் எல்லாம் பஞ்சும் வேஸ்ட் துணியும் கிடப்பதால் அதையே காதில் வைக்கிறார்கள். அது தூசியைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. மென்னுரை அடைப்பான் (விரலால் உருட்டினால் சுருங்கி, காதுக்குள் விரியும் ஃபோம் பிளக்) சில ரூபாய்தான். வைக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கையைக் கழுவி, அதை மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, உள்ளே நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். சரியாக வைத்தால் உங்கள் குரலே தொட்டிக்குள் பேசுவதுபோல் கேட்கும்.

“அப்பப்போ கழட்டினா என்ன?” நிறைய ஆகிறது. 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானை 8 மணி நேரத்தில் 25 நிமிடம் மட்டும் கழற்றி வைத்தாலும், மொத்தத்தில் கிடைக்கும் பயன் 13 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். அதனால் பேச வேண்டுமென்றால் வெளியே வந்து பேசுங்கள். முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: ஆடிட் வரும் நாளில் மட்டும் அடைப்பான் டப்பாவை எடுத்து வைப்பதால் ஒருவர் காதும் பிழைக்காது. கம்ப்ரசரையும் ஜெனரேட்டரையும் தனி அறைக்கு மாற்றுவதும், தேய்ந்த பேரிங்கை மாற்றுவதும், ஒரே ஆளை நாள் முழுக்க அதிகச் சத்தமுள்ள இடத்தில் நிறுத்தாமல் மாற்றி விடுவதும் அதைவிட உதவும்.

காது போனால் பணம் வருமா? இதைத்தான் பலருக்குச் சொல்ல ஆளில்லை. சத்தத்தால் வரும் கேட்கும் குறைபாடு இ.எஸ்.ஐ.க்கான சட்ட அட்டவணையில் தொழில்நோய் என்றே எழுதப்பட்டிருக்கிறது. சத்தமான வேலையில் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்திருந்தால், நோயை வேலையில் பட்ட காயமாகவே கருதுவார்கள். மருத்துவக் குழு பார்த்துச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று சதவீதம் சொன்னால் அதற்கேற்ப நிரந்தர ஊன உதவித்தொகை உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் ஊழியர் இழப்பீட்டுக்கான சட்ட விதிகளும் இதே நோயைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. அப்போது முதலாளி கொடுக்க வேண்டும்.

பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலும் இது அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. அதாவது, கண்டுபிடித்த மருத்துவர் அரசின் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். 2020 இல் வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த நோயை விட்டுவிடவில்லை. பிரிவின் தலைவர் கையில் உள்ள பேனாவுக்கு இவ்வளவு வலு இருக்கிறது. அவர் ஒரு தாள் எழுதினால் உங்கள் ஒருவருக்காக மட்டும் அல்ல, அந்தக் கொட்டகையில் நிற்கும் அத்தனை பேருக்காகவும் ஆய்வாளர் வர வழி பிறக்கும்.

அதற்கு உங்கள் பங்கு ஒன்று உண்டு. டாக்டரிடம் “காது கேட்கலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்தக் கம்பெனியில், எந்த மிஷினில், தினம் எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சம்பளச் சீட்டும் இ.எஸ்.ஐ. அட்டையும் கையில் இருக்கட்டும். “சத்தத்தால் வந்தது” என்று மருத்துவர் கருதினால் அதைச் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். வரைபடத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா? 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சுச் சுருதிகளில் 60 டெசிபல் அளவுக்காவது இழப்பு இருக்க வேண்டும். தறியில் காது போனவர்களில் பலருக்கு மேல் சுருதிதான் போயிருக்கும், பேச்சுச் சுருதி ஓரளவு மிஞ்சியிருக்கும். அதனால் அட்டை கிடைக்காமல் போகலாம். ஆனால் இ.எஸ்.ஐ. தொழில்நோய் கோரிக்கை வேறு வழி. ஒன்றில் இல்லை என்றதும் மற்றதையும் விட்டுவிடாதீர்கள். அட்டை கிடைப்பவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் காது மிஷின் இலவசமாகக் கிடைக்க வழி இருக்கிறது.

வீட்டோடு நாலு தறி போட்டு ஓட்டுபவர்களுக்கு மேலே சொன்ன சட்டங்களில் பல எட்டாது. பத்துப் பேருக்குக் குறைவான இடம் தொழிற்சாலைக் கணக்கில் வராது. இவர்கள் நிலைமைதான் மோசம். சத்தம் பெரியவர்களோடு நிற்பதில்லை, தறிக்குப் பக்கத்து அறையில் தொட்டிலில் தூங்கும் பிள்ளைக்கும் போகிறது. தொட்டிலைக் கொட்டகையிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். கதவை மூடுவதும் உதவும். பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் காது சோதனை செய்யச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குவதுதான் பல நாடுகளில் பின்பற்றும் நடைமுறை. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் காது நத்தைக் கருவி (காக்ளியர் இம்பிளான்ட்) முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வைக்கிறார்கள். ஆறு வயது தாண்டக் கூடாது.

ஒரே ஒரு அவசரம் மட்டும் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் கேட்காமல் போனால் அன்றே போய்க் காது மருத்துவரைப் பாருங்கள். அதற்கு மருந்து உண்டு, ஆனால் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் அதிகம். “ஜலதோஷம், சரியாயிடும்” என்று விட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? மருத்துவமனையில் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் வாரந்தோறும் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். எனக்கு இன்னும் நல்லதாகத் தோன்றும் வழி வேறு. பனியன் தொழிலாளர் சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடுகிறார்கள். அதில் பஞ்சப்படி, பயணப்படியோடு ஒரு வரி சேர்த்தால் போதும்: வேலையில் சேரும்போது ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, சம்பளம் பிடிக்காமல் காதுப் பரிசோதனை, வரைபடத்தின் நகல் தொழிலாளர் கையில்.